கம்பத்துக்குப் பூட்ஸ் தைத்த சத்தார் பாய்

தன் வீட்டு மின்சாரக் கம்பத்துக்கு எருமைத் தோலில் பூட்ஸ் தைத்துப் போட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் வாணியம்பாடி சத்தார் பாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஊருக்குள் மின்சார விளக்கு வந்த புதிதில் நடந்த சங்கதி.

சத்தார் பாய் பாலாற்றங்கரையில் ஒரு டேனரியில் தொட்டி மேஸ்திரி. தோலைப் பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதமாக்கும் தொட்டிகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஆள் குட்டை. கழுத்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. முழங்கை வரைக்கும் பட்டைச் சாயம் பழுப்பாக ஏறியிருக்கும். பெருநாளைக்கு எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஆவாரம்பட்டையை ஒரு கை அள்ளி முகர்ந்தாரானால் அது எந்தப் பக்கத்துப் பட்டை, மழையில் நனைந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். பாதி சமயம் சரியாக இருக்கும். மீதிப் பாதியில், பட்டை வியாபாரி பொய் சொல்கிறான் என்பார்.

அந்த டேனரியில் ஒரு வழக்கம் உண்டு. தோலும் பட்டையுமாக அடுக்கித் தொட்டியை மேஸ்திரி மூடிவிட்டால், அவராக 'ஆச்சு' என்று சொல்கிற வரைக்கும் யாரும் அதில் கை வைக்கக்கூடாது. முதலாளியே வந்தாலும் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான். மூடிய கைதான் திறக்க வேண்டும். வேறொருவன் திறந்தால், உன் வேலையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. ஒருமுறை புதிதாக வந்த கணக்குப்பிள்ளை விவரம் தெரியாமல் ஒரு குச்சியை விட்டுத் தொட்டியைக் கிளறிவிட்டான். சத்தார் பாய் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். முதலாளி வண்டி அனுப்பி அழைத்துவர வேண்டியிருந்தது. இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் கம்பத்தின் கதை பிடிபடும்.

அவர் மனைவி அஜீஸுன்னிசா. நிறைய ஓதிய குடும்பம். பிள்ளைகள் இல்லை. அந்தத் தெருவில் பகலெல்லாம் பீடி சுற்றுகிற பெண் குழந்தைகளுக்கு, மஃரிப் என்கிற அந்தித் தொழுகைக்குப் பிறகு வீட்டிலேயே ஓதச் சொல்லிக்கொடுத்து வந்தார்; அவர்களுக்கு அவர் 'பூபு'. ஆனால் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கண் மங்க ஆரம்பித்தது. அரபு எழுத்துக்கு மேலே இருப்பது ஒரு புள்ளியா இரண்டு புள்ளியா என்று தடுமாற்றம். "தப்பா சொல்லிக்கொடுத்து நான் எங்க போயி பதில் சொல்றது?" என்று ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டார். பெண்கள் வருவது நின்றது. சாயங்காலமானால் வீடு கப்சிப் என்று ஆகிவிட்டது. அஜீஸுன்னிசா சுவரைப் பார்த்துக்கொண்டு பாக்கு வெட்டிக்கொண்டிருப்பார். சத்தார் பாயால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. சத்தமில்லாமல் போய் மின்சாரக் கம்பெனியில் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

கம்பெனியிலிருந்து லைன் மேஸ்திரி காசிநாதன் வந்து இடத்தைப் பார்த்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். சத்தார் பாயின் வீடு தெருவிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு வெறும் மனைக்குப் பின்னால் இருந்தது.

"தெருக் கம்பத்துலேர்ந்து நேரா வூட்டுக்குக் கம்பி இழுக்க முடியாது பாய், தூரம் ஜாஸ்தி. நடுவுல, உங்க மதிலுக்கு உள்ள, ஒரு கம்பம் நிக்கணும்" என்றார் காசிநாதன்.

"நட்டுக்குங்க. யார் வேணாம்னா?"

"நாங்க நட மாட்டோம். தெருவுல நிக்கறது கம்பெனியோடது. மதிலுக்கு உள்ள நிக்கறது வூட்டுக்காரரோடது. நடறதும் நீங்கதான், பாத்துக்கறதும் நீங்கதான். நல்ல மரமா வாங்கி, அடியில கீலு, அந்தக் கறுப்புத் தாரு, பூசி நட்டுடுங்க."

"கீலா? அது படகுக்காரன் பூசறதாச்சே. பாலாத்துல தண்ணியே கிடையாது, நமக்கு எதுக்கு கீலு?"

"மரம் மண்ணுல உளுத்துப்போவும் பாய்."

அங்கேதான் வந்தது வினை. உளுத்துப்போகும் என்ற சொல்லைக் கேட்டதும் சத்தார் பாய்க்குள் இருந்த தொட்டி மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார்.

"இத பாரு லைன் மேஸ்திரி. தோலுன்றது செத்த மாட்டோடது. சும்மா வுட்டா ரெண்டு நாள்ல ஊரே மூக்கப் பொத்தும். அதையே பட்டைத் தண்ணி காலத்துக்கும் நிறுத்தி வெக்குது. மரம் இன்னா, மாட்டை வுட ஒசத்தியா?"

காசிநாதன் பென்சிலால் காதைக் குடைந்துகொண்டே யோசித்தார். "பட்டை மரத்து மேலதானே பாய் கீது? அப்படி நிறுத்தறதுன்னா காட்டுல நிக்கற மரமெல்லாம் ஏன் உளுத்துப் போவுது?"

"காட்டுல மேஸ்திரி ஏது?" என்றார் சத்தார் பாய்.

காசிநாதன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். போய்விட்டார்.

ஏலகிரி மலைப் பக்கமிருந்து நல்ல நேரான மரமாக ஒன்று வந்து இறங்கியது. அதை வண்டியில் ஏற்றி டேனரிக்குக் கொண்டுபோனார். மரம் முழுவதும் தொட்டிக்குள் அடங்குமா? அடிப்பக்கம் மட்டும் பட்டைத் தண்ணீரில் நின்றது. தலை கூரையைத் தாண்டிப் போய்ச் சுவரில் சாய்ந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ நெட்டையன் ஒருவன் வெந்நீரில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. தோல் சீவுகிறவர்கள் போகும்போதும் வரும்போதும் அதற்கு ஒரு சலாம் வைத்தார்கள். சத்தார் பாய் கண்டுகொள்ளவில்லை. உரிய நாள் வந்ததும் முகர்ந்து பார்த்து 'ஆச்சு' என்றார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. கனமான எருமைத் தோல் ஒன்றை எடுத்து, ஈரத்தோடே கம்பத்தின் அடியில் சுற்றி, இழுத்துப் பிடித்து நரம்பால் தைத்தார். கீழேயும் ஒரு வட்டம் வெட்டி உள்ளங்காலாக வைத்து மூடினார். வெயிலில் காய்ந்ததும் தோல் சுருங்கிக் கம்பத்தை அப்படியே கவ்விக்கொண்டது. அந்த எருமைக்கே அந்தத் தோல் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்காது. மேலே புங்க எண்ணெய் பூசி மெருகு ஏற்றினார். மண்ணுக்குள் போகிற பாகம் போக, முழங்கால் உயரத்துக்குப் பளபளவென்று வெளியே தெரிந்தது.

கம்பத்தை நட்ட அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அமிர்தவள்ளி இடிந்த மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். புருஷன் இல்லாதவள், ஒரே ஒரு எருமையை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள். வாய் மட்டும் நாலு எருமை பலம்.

"இன்னா பாய், ஒத்தக் கால்தான் தச்சிருக்கீங்க? ஜோடி எங்க?"

"ஒத்தக் காலுக்கு எதுக்கு ஜோடி?"

"அதுவும் சரிதான். ஓடிப்போவ முடியாது பாரு."

விளக்கு எரிந்தது. ஒரே ஒரு பல்புதான். ஆனால் அஜீஸுன்னிசா அதன் கீழே உட்கார்ந்து கிதாபைத் திறந்தபோது புள்ளிகள் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. தெருப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கூடம் நிறைந்தது. ஜன்னல் வழியாக வெளிச்சம் மதிலைத் தாண்டி அமிர்தவள்ளியின் கொட்டகையிலும் விழுந்தது. அவள் அதில் உட்கார்ந்து சாயங்காலப் பாலைக் கறந்தாள். உள்ளே பெண்கள் ராகம் போட்டு ஓதினால் எருமை நன்றாகப் பால் விடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சத்தார் பாய் காலையில் டேனரிக்குக் கிளம்பும்போது கம்பத்தின் பூட்ஸை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார், குதிரையைத் தட்டுகிற மாதிரி.

முதல் மழைக்காலம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது ஐப்பசியில் கம்பம் தலையை ஆட்ட ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தது அமிர்தவள்ளிதான். "பாய், உங்க கம்பம் எங்க கொட்டாயப் பாத்து தல ஆட்டுது. இன்னான்னு கேளுங்க."

"காத்து."

"காத்தடிச்சா எல்லாக் கம்பமும் ஆடணும். உங்களுது மட்டும் சாமி வந்தாப்ல ஆடுது."

மறுநாள் ஒரு காக்கை உச்சியில் உட்கார்ந்தது. அதற்கே கம்பம் ஆடியது. கம்பி தொய்ந்து இழுபட்டபோதெல்லாம் உள்ளே பல்பு கண் சிமிட்டியது. பெண்கள் ஓதுவதை நிறுத்திவிட்டு ஓவென்று கத்துவார்கள். எரிந்தால் திரும்ப ஆரம்பிப்பார்கள். அஜீஸுன்னிசா கணவரை ஒரு பார்வை பார்ப்பார். சத்தார் பாய் உத்திரத்தில் பல்லி தேடுவார்.

சும்மா இருக்கவில்லை அவர். கிணற்றுத் தூணிலிருந்து ஒரு வடம் கொண்டுவந்து கம்பத்தின் இடுப்பில் கட்டினார். அப்புறம் ஒரு மூங்கிலை முட்டுக் கொடுத்தார். மூங்கில் வழுக்கிற்று, இன்னொரு மூங்கிலை அதற்கு முட்டுக் கொடுத்தார். வடம் ஈரத்தில் தளர்ந்தது. கடைசியில் பழியை எருமை மேல் போட்டார்.

"உன் எருமை மதில் சந்துல பூந்து வந்து என் கம்பத்துல முதுகு தேய்க்குது. அதான் ஆட்டம் குடுக்குது."

அமிர்தவள்ளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மதிலருகே வந்தாள். "என் எருமையா? அது பொறந்ததுலேர்ந்து வேப்ப மரத்தத் தவிர எதுலயும் தேய்க்காது. உங்க கம்பத்துல அது இனத்தோட தோல சுத்தி வெச்சிருக்கீங்க, அத்தப் பாத்தாலே அது அந்தாண்ட திரும்பிக்கும். பேச வந்துட்டாரு! அந்தக் கம்பம் வுழுந்தா எங்க வுழும் தெரியுமா? என் கொட்டா மேல. கரண்டுக் கம்பியோட. என் எருமை செத்தா யார் பதில் சொல்றது? வாயில்லா ஜீவன் மேல போயி..."

"வாய் அதுக்கு எதுக்கு? நீ கீறியே."

"கீறேன். அதனாலதான் கம்பெனிக்குப் போயி சொல்லிட்டு வந்தேன்."

சத்தார் பாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது.

சொன்னபடியே காசிநாதன் வந்துவிட்டார். கையில் சுத்தியல். கம்பத்தின் நெஞ்சு உயரத்தில் ஒரு தட்டு: டங்கென்றது. பூட்ஸுக்குச் சற்று மேலே ஒரு தட்டு: பொத்தென்றது. காசிநாதன் காதை வைத்துக் கேட்டார். வடத்தைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார், மூங்கிலின் மூங்கிலைப் பார்த்தார்.

"மேல நல்லா கீது. கீழ போயிடுச்சுன்னு தோணுது. இந்தத் தோலை அவுருங்க பாய், உள்ள பாக்கணும்."

"அவுக்க முடியாது."

"பாக்காம எப்படிச் சொல்றது?"

"நான் சொல்றேன்ல. பதமாக்கி மூடினது நானு. உள்ள ஒண்ணும் ஆயிருக்காது. அதுல இன்னொருத்தன் கத்தி வெச்சான்னா நான் உசிரோட இருந்து பிரயோஜனமில்ல."

காசிநாதன் பெருமூச்சு விட்டார். நல்ல மனிதர், சண்டை பிடிக்கத் தெரியாதவர். "மேஸ்திரி, நான் சொல்றதக் கேளுங்க. நானும் மேஸ்திரிதான், அந்த வீம்பு எனக்குத் தெரியும். நீங்களே கூப்ட்டு, கம்பம் போயிடுச்சு, மாத்திக்கறேன்னு சொல்லி எறக்கினீங்கன்னா, இணைப்பு உங்க பேர்லயே நிக்கும். புதுக் கம்பம் நட்டதும் கம்பிய மாட்டிக் குடுத்துடுவேன். நீங்க சொல்லாம நாங்களா வந்து அறுத்தோம்னா புதுசா எழுதிக் குடுத்துட்டு வரிசையில கடைசில போயி நிக்கணும். வரிசை இப்ப ஸ்டேஷன் வரைக்கும் கீது. இந்த வருசம் வெளக்கு வராது, அடுத்த வருசமும் சந்தேகம். சனிக்கிழமை சந்தை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

சத்தார் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காசிநாதன் போகிறபோது மதிலைப் பார்த்து, "அம்மா, எருமையை அந்தப் பக்கம் மாத்திக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று டேனரியில் சத்தார் பாய் எரிந்து எரிந்து விழுந்தார். பட்டை இடிக்கிறவனிடம் சண்டை. தண்ணீர் ஊற்றுகிறவனிடம் சண்டை. வாஸ்தவத்தில் அவருக்குப் பயம். அந்தப் பொத்தென்ற சத்தத்தை அவரும் கேட்டாரே. அவ்வளவு காலம் தோலைத் தட்டிப் பார்த்துப் பழகின காது, பொய் சொல்லுமா? ஆனால் பூட்ஸைத் திறந்து உள்ளே மரம் போயிருந்தால், சத்தார் பதமாக்கினது உளுத்துவிட்டது என்று ஊர் சொல்லும். அப்புறம் எந்தத் தொட்டிக்கரையில் நின்று 'ஆச்சு' என்று சொல்வது? திறக்காமல் இருந்தால் சனிக்கிழமை விளக்குப் போய்விடும். அந்தக் கூடம் மறுபடி கப்சிப்பாகிவிடும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

வாசலில் பெண்கள் கிதாபைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னா, பாடம் அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"பூபு இன்னிலேர்ந்து வரவேணாம்னுட்டாங்க" என்று ஒரு பெண் சொல்லிவிட்டு, கம்பத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விலகிச் சுவரோரமாகவே ஓடியது.

உள்ளே பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. கூடத்தில் பாய் விரித்தபடி கிடந்தது. ஆள் இல்லை. அஜீஸுன்னிசா நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது உருது. என்ன பேசினார்கள் என்பதை இங்கே தமிழில் சொல்கிறேன், மனைவி கணவரைக் கூப்பிடுகிற 'அஜி'யை மட்டும் அப்படியே விட்டு.

"ஏன் அனுப்பிட்டே? விளக்குதான் எரியுதே. சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார் சத்தார் பாய்.

"வர்ற வழி அந்தக் கம்பத்துக்குக் கீழதானே, அஜி. ஊரான் வீட்டுப் பொண்ணுங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு ஓதிக்கொடுக்கறது?"

"ஒண்ணும் ஆகாது. நான் மூடினது."

"தெரியும். வேற யாரும் திறக்கக்கூடாது. அதுவும் தெரியும்." அஜீஸுன்னிசா கிதாபை மூடிப் பலகையில் வைத்தார். "லைன்காரர் திறக்க வேணாம். அமிர்தம் திறக்க வேணாம். மூடின கை இருக்குல்ல? அது திறக்கட்டுமே. டேனரியில தொட்டியை மூடிட்டு நீங்க திறக்காமலேயா விட்டுடறீங்க?"

சத்தார் பாய் போய்க் கதவைத் திறந்தார். கம்பத்தைப் பார்த்தார். மூடினார்.

"உள்ள நல்லா இருந்தா ஊருக்கே காட்டுங்க. கெட்டிருந்தா மாத்துங்க. மூடியே வெச்சிருக்கறதுக்குப் பேரு மேஸ்திரி வேலையா?"

அஜீஸுன்னிசா எழுந்து போய்ச் சோறு போட்டார்.

மறுநாள் காலையில் சத்தார் பாய் டேனரிக்குப் போகவில்லை. தோல் சீவுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டார். நேராகக் காசிநாதன் இருந்த இடத்துக்குப் போய், "வாங்க மேஸ்திரி, நான் திறக்கறேன். நீங்க பாருங்க" என்றார். காசிநாதன் தெருக் கம்பத்தில் ஏறி மின்சாரத்தை நிறுத்திக் கம்பியைக் கழற்றினார். டேனரி ஆட்கள் சிலர் வந்து வடத்தைப் பிடித்துக்கொண்டார்கள், கம்பம் கொட்டகைப் பக்கம் போகாதபடிக்கு. அமிர்தவள்ளியும் தன் பக்கத்து வடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

சத்தார் பாய் பிஸ்மில்லா சொல்லி மண்டி போட்டு, தன் தையலில் தானே கத்தியை வைத்தார்.

முதல் தையல் அறுந்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது. பழுப்பாக, ஒரு குடம் கவிழ்த்த மாதிரி, நாற்றத்தோடு. அவர் லுங்கி நனைந்தது. அடுத்த தையல். அடுத்தது. கம்பம் முனகியது.

"நிறுத்துங்க! பிடி, பிடி!" என்று காசிநாதன் கத்தினார்.

தோல் முக்கால் வாசி விலகியபோதுதான் தெரிந்தது: அந்தக் கம்பம் மரத்தில் நிற்கவில்லை, தோலில்தான் நின்றுகொண்டிருந்தது. வடத்தைப் பிடித்தவர்கள் காலை ஊன்றி, மெல்ல மெல்ல அதை வெறும் மனைப் பக்கமாகச் சாய்த்துப் படுக்கப் போட்டார்கள். அமிர்தவள்ளி, "என் பக்கம் வந்தா ஒருத்தனும் ஊர் போய்ச் சேர மாட்டீங்க" என்று உற்சாகம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காசிநாதன் அடி மரத்தில் விரலை வைத்தார். விரல் வெண்ணெயில் போகிற மாதிரி உள்ளே போயிற்று. இழுத்தபோது நனைந்த மூக்குப்பொடி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

சத்தார் பாய் அறுத்த தோலை மடியில் போட்டு, துடைத்து, மடக்கி, விரித்து, முகர்ந்து பார்த்தார். கொஞ்சம்கூடக் கெடவில்லை. நேற்றுத்தான் தொட்டியிலிருந்து எடுத்த மாதிரி வழவழவென்று இருந்தது.

"பாருங்க" என்றார் மெதுவாக. "தோல் பாருங்க. ஒரு சுருக்கம் உண்டா?"

"தோலு ஜோரா கீது மேஸ்திரி" என்றார் காசிநாதன். "உள்ள இருந்த ஆள்தான் மௌத்தாயிட்டான்."

வடம் பிடித்தவன் ஒருவன் சிரித்துவிட்டான். சத்தார் பாய் அவனை முறைத்தார். முறைத்தவர், அப்படியே தோலையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீர் வந்து தேங்கின இடத்தை விரலால் தடவினார். பிறகு எழுந்து நின்று, டேனரி ஆட்கள் கேட்கும்படி, தொட்டிக்கரையில் பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"மேலேர்ந்து மழைத்தண்ணி எறங்கி பூட்ஸுக்குள்ள போயிருக்குது. வெளிய போவ வழியில்ல. தொட்டி கட்டும்போது அடியில ஓட்டை வெக்காமயா கட்டறோம்? கம்பத்துக்கு நான் வெக்கல. பட்டை மேலயும் குத்தமில்ல, தோல் மேலயும் குத்தமில்ல. குத்தம் என் மேலதான். லைன் மேஸ்திரி சொன்னாப்ல கீலப் பூசி, காத்தாட வுட்டிருக்கணும்."

"எருமை?" என்றாள் அமிர்தவள்ளி.

"எருமை மேலயும் குத்தமில்ல."

"அதுகிட்டயே சொல்லுங்க."

சத்தார் பாய் மதில் சந்து வழியாகத் தலையை விட்டு எருமையைப் பார்த்தார். "உன் மேல குத்தமில்லம்மா" என்றார். எருமை அசை போட்டுக்கொண்டிருந்தது. அமிர்தவள்ளிக்குத் திருப்தி. அன்று சாயங்காலம் ஒரு செம்பு பால் சும்மாவே மதிலைத் தாண்டி வந்தது.

டேனரியில் ஒருவரும் அவரைக் கேலி செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு வாரம் நன்றாகச் செய்தார்கள். ஆனால் தொட்டிக்கரையில் அவர் 'ஆச்சு' என்றபோது யாரும் குச்சி விட்டுப் பார்க்கவில்லை. அந்தத் தோலைத்தான் எல்லோரும் தொட்டுப் பார்த்திருந்தார்களே.

இனி புதுக் கம்பம். காசிநாதன் ஒரே பிடியாக, மரம் வேண்டாம் என்றுவிட்டார். ஜோலார்பேட்டையில் கழித்துப்போட்ட பழைய தண்டவாளம் கிடைக்கும், அதில் ஒன்றை நட்டுக்கொள்ளுங்கள் என்றார். முதலாளி ஒரு வார்த்தை சொல்லிவிட்டதில் ஒரு துண்டு கிடைத்தது. அது மாட்டுவண்டியில் வந்து சேர்வதற்குள் தீபாவளி போய்விட்டது. அதுவரைக்கும் பழைய அரிக்கேன்தான். சத்தார் பாய் தினமும் டேனரியிலிருந்து வந்ததும் கை கால் கழுவுவதற்கு முன்னால் சாம்பல் வைத்து அதன் கண்ணாடியைத் துடைத்து வைத்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தார். அஜீஸுன்னிசா அதைப் பார்த்தார். நன்றாக மனப்பாடமான பாடத்தை மட்டும், கிதாபு பார்க்காமல், வருகிற ஒன்றிரண்டு பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்டவாளம் வந்தது. குழி வெட்டி, கல்லும் சுண்ணாம்புக் காரையும் போட்டு இறுக்கி, அடிக்குக் கீல் பூசி நட்டார்கள். காசிநாதன் சுத்தியலால் கீழே தட்டினார்: டங். மேலே தட்டினார்: டங். சத்தார் பாயும் வாங்கி ஒரு தட்டுத் தட்டினார். திருப்திதான். ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் புங்க எண்ணெய்ச் சட்டியும் துணியுமாக வந்து நிற்கிறார்.

"இரும்பு துருப்பிடிக்குமே. சும்மா லேசா ஒரு கை..."

"அஜி" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். சட்டி உள்ளே போய்விட்டது.

கம்பியை மாட்டிய அன்று மாலை சத்தார் பாய் பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்தபோது வாசலில் கால் வைக்க இடமில்லை. சின்னதும் பெரிசுமாக ஒரே செருப்புக் குவியல்.

"இன்னா இது! மனுசன் வூட்டுக்குள்ள போறதா வேணாமா? யாரு இதெல்லாம் இப்படிப் போட்டது?" என்று சத்தம் போட்டார்.

உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு முனகிக்கொண்டே குனிந்து, செருப்புகளை ஜோடி ஜோடியாக எடுத்து ஓரமாக அடுக்கிவைத்துவிட்டு, சத்தமில்லாமல் பின்கட்டு வழியாக உள்ளே போனார்.